கிளிநொச்சியில் நடைபெறும் உறுப்புத் தான விளக்க வகுப்பு: ஒரு மதிப்பீடு

கிளிநொச்சியில் ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவர் பொதுமக்களுக்காக இலவசமாக நடத்தும் இந்த வகுப்பின் பெரும்பலம், கடினமான விடயத்தையும் மழுப்பாமல் சொல்வதுதான். முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர், "நிண்ட இருதயம் திரும்ப எப்படி ஐயா அடிக்கும்?" என்று கேட்டபோது, அவர் வெண்பலகையில் படம் வரைந்து, இரத்தவோட்டம் நின்று மரணம் உறுதியான பின் எடுக்கப்படும் இருதயத்தை, வெதுவெதுப்பான இரத்தம் பாய்ச்சும் இயந்திரத்தில் பொருத்தி மீண்டும் துடிக்க வைத்துப் பார்த்த பின்னரே மற்றவருக்குப் பொருத்துவார்கள் என்று விளக்கினார். 2014இல் சிட்னியில் இம்முறை வெற்றி கண்டதையும், 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஆறு மாதம் உயிருடன் இருந்தோர் இம்முறையில் 94 வீதம், மூளைச்சாவடைந்தோரின் இருதயம் பெற்றவர்களில் 90 வீதம் என்பதையும் கூறினார். புதிய இருதயம் தொடக்கத்தில் சரிவர இயங்காத நிலை இம்முறையில் கூடுதலாகக் காணப்பட்டதை அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே இவ்வகுப்பை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

இலங்கையின் முதல் இருதய மாற்றுச் சத்திரசிகிச்சை 2017இல் கண்டியில் நடந்தது என்பது வந்திருந்த பலருக்குப் புதிய செய்தி. குறை என்றால், ஒலிவாங்கி இல்லாததால் பின்வரிசைக்குப் பாதியும் கேட்கவில்லை. கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பது அதைவிடப் பெரிய குறை. முல்லைத்தீவிலிருந்து பஸ் ஏறி வருபவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டத் தமிழ்த் தாள் ஒன்றாவது கட்டாயம் வேண்டும்.