கிளாஸ் மாற்ற என்ன விலை? நான்கு எம்எம்ஓக்களும் ஆட்டக்காரர் புகார்களும்

எம்எம்ஓ என்பது ஏராளமானோர் இணையத்தில் ஒரே உலகில் சேர்ந்து ஆடும் கேம்; கிளாஸ் என்பது அதில் ஒருவர் எடுக்கும் போர்வீரன், மந்திரவாதி போன்ற வேடம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடுபவர் "என் கிளாஸ் சொத்தை" என்று புலம்புவார். ஃபைனல் ஃபேன்டஸி 14 ஆடுபவரின் குறை, "எல்லா கிளாஸும் ஒரே மாதிரி இருக்கு" என்பது. கில்ட் வார்ஸ் 2 பக்கம் போனால் "என்னை குரூப்பில் சேர்க்க மாட்டேங்கிறாங்க". ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் கிளாஸே கிடையாது. அங்கே "அந்த ஒரு வில் வந்ததிலிருந்து மற்ற ஆயுதமெல்லாம் வீண்" என்ற பேச்சு.

நான்கையும் ஒரே பொதுப் புலம்பலாக நினைத்து ஒதுக்கிவிடலாம். ஆனால் எந்தக் கேமில் எந்த ரகப் புகார் முளைக்கும் என்பதைப் பெருமளவு ஒரே விஷயம் தீர்மானிக்கிறது: பிடிக்காத கிளாஸை விட்டு வெளியேற அந்தக் கேம் எவ்வளவு நேரமும் உழைப்பும் பிடுங்குகிறது என்பது. வெளியேறும் விலை அதிகமென்றால் ஆட்டக்காரர் பலத்தைப் பற்றிப் பேசுவார். குறைவென்றால் தனித்தன்மையைப் பற்றி.

வார்கிராஃப்ட்: பூட்டிய கதவு

2004 நவம்பரில் 9 கிளாஸோடு தொடங்கிய கேம். டெத் நைட் (2008), மங்க் (2012), டீமன் ஹன்ட்டர் (2016), எவோக்கர் (2022) சேர்ந்து 13 ஆனது. ஒவ்வொரு கிளாஸும் ஸ்பெக் என்ற உட்பிரிவுகளாகப் பிரியும்; 2023-இல் எவோக்கருக்கு ஆக்மென்டேஷன் என்ற ஸ்பெக் வந்தபோது மொத்தம் 39. கேரக்டரை உருவாக்கும்போது எடுக்கும் கிளாஸ்தான் கடைசிவரை. வேறு கிளாஸ் வேண்டுமென்றால் புது கேரக்டர், புது லெவல், புது கியர் (ஆயுதமும் கவசமும்). 2024-இல் வந்த வார்பேண்ட் முறை பல விஷயங்களை அக்கவுண்ட் முழுக்கப் பொதுவாக்கி இந்தச் சுமையைக் குறைத்தது. ஆனாலும் ரெய்டு (பலர் சேர்ந்து பெரிய எதிரிகளை அடிக்கும் சண்டை) கியர் வாரக்கணக்கில்தான் சேரும் என்பது மாறவில்லை.

அதனால் இங்கே நெர்ஃப் (பலத்தைக் குறைக்கும் மாற்றம்) என்ற சொல்லுக்கு மற்ற கேம்களில் இல்லாத வலி உண்டு. 5 சதவீதம் குறைந்தால், ரெய்டில் இடம் போகுமோ என்ற பயம் அந்த 5 சதவீதத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

பூட்டின் மேல் இன்னொரு பூட்டு போட்டால் என்ன ஆகும் என்பதை 2020-இல் ஷேடோலேண்ட்ஸ் என்ற விரிவாக்கம் காட்டியது. கவனன்ட் எனப்படும் நான்கு அணிகளில் ஒன்றில் சேர வேண்டும். ஒவ்வொன்றும் கிளாஸுக்கு ஒரு தனித் திறன் தரும். விட்டுவந்த கவனன்ட்டுக்குத் திரும்ப வேண்டுமானால் இரண்டு வாரத்துக்கு நீளும் குவெஸ்ட். வெளியீட்டுக்கு முந்தைய பீட்டா சோதனையிலேயே ஆட்டக்காரர்கள் சொன்னது துல்லியமானது: ஒரே கிளாஸுக்கு ஒற்றை பாஸ் (பெரிய எதிரி) சண்டையில் ஒரு கவனன்ட், கூட்டமாக வரும் டஞ்சன் எதிரிகளுக்கு இன்னொன்று, ஆட்டக்காரரோடு ஆட்டக்காரர் மோதும் பிவிபிக்கு மூன்றாவது சிறந்ததாக அமையும், எதைத் தேர்ந்தாலும் மற்ற இரண்டில் தண்டனை. வடிவமைப்பாளர்கள் விரும்பியதோ எளிதில் மாற்ற முடியாத, எடையுள்ள தேர்வு. தடையில்லாமல் மாற்றும் வசதி 2021 நவம்பரில், 9.1.5 பேட்ச் என்ற திருத்தத்தில்தான் வந்தது. விரிவாக்கம் வெளியாகி ஏறக்குறைய ஓராண்டு ஓடிவிட்டது.

இந்தக் கேமில் எண்ணுக்குள் அடங்காத புகாரும் உண்டு. ஒரு பட்டனை அழுத்தியதும் அடுத்ததை அழுத்தவிடாமல் தடுக்கும் குளோபல் கூல்டவுன் இங்கே அடிப்படையில் 1.5 வினாடி. வேகத்தைக் கூட்டும் ஹேஸ்ட் ஏறினால் குறையும், 0.75-க்குக் கீழே போகாது. 2018-இல் அதுவரை இந்தத் தடைக்கு வெளியே இருந்த பல பலமூட்டும் திறன்களை உள்ளே கொண்டுவந்தார்கள். சண்டைப் பதிவான லாக்கைப் பார்த்தால் டேமேஜ் ஏறக்குறைய அதேதான். ஆனால் கேரக்டர் ஆவேசம் கொள்ளும் பட்டனைத் தட்டிவிட்டு ஒன்றரை வினாடி சும்மா நிற்க வேண்டும். கைக்குத் தெரியும் இந்தத் தொய்வு கிராஃபில் தெரியாது. அடுத்த விரிவாக்கத்தில் சில திறன்களைத் திரும்ப வெளியே எடுத்தார்கள் என்பதே புகாரில் உண்மை இருந்ததற்குச் சாட்சி.

திறன்களைப் புள்ளி வைத்துத் தேர்ந்தெடுக்கும் டேலன்ட் மரத்தின் கதையும் இதே பாதை. 2012-இல் பழைய மரங்களைத் தூக்கிவிட்டு, 15 லெவலுக்கு ஒருமுறை மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஆறு வரிசைகள் வைத்தார்கள். எல்லோரும் ஒரே பில்ட்டைக் காப்பியடிக்கிறார்கள் என்பது மாற்றத்துக்கான காரணங்களில் ஒன்று. 2022-இல் மரங்கள் திரும்பின: லெவல் 70-இல் கிளாஸ் மரத்துக்கு 31 புள்ளி, ஸ்பெக் மரத்துக்கு 30. இப்போதும் பலர் காப்பிதான் அடிக்கிறார்கள். ஆனால் லெவல் ஏறும்போதெல்லாம் ஒரு புள்ளி கையில் வருகிறது. அதைத்தான் பத்து வருடம் கேட்டார்கள்.

ஃபைனல் ஃபேன்டஸி 14: திறந்த கதவு

2010-இல் தோற்று, 2013 ஆகஸ்டில் மறுபடி பிறந்த கேம். கிளாஸுக்கு இங்கே ஜாப் என்று பெயர்; ஒரே கேரக்டர் எல்லா ஜாபையும் கற்கலாம். ஆயுதத்தை மாற்றினால் ஜாப் மாறும். ஒரே ரகத்தைச் சேர்ந்த ஜாப்கள் கவசத்தையும் பகிர்ந்துகொள்கின்றன. ரெட் மேஜ் பிடிக்கவில்லையென்றால், பிளாக் மேஜை லெவல் ஏற்றி வைத்திருப்பவருக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது ஓர் ஆயுதம் மட்டுமே. பலக்குறைவு இங்கே தாங்கக்கூடிய சங்கடம். நாலு ஜாபை ஆடிப்பார்த்தவர் கேட்கும் கேள்வி வேறு: நாலும் ஏன் ஒரே தாளத்தில் போகின்றன?

அந்தத் தாளத்தை எண்ணிக் காட்டலாம். குளோபல் கூல்டவுன் 2.5 வினாடி, ஆக இரண்டு நிமிடத்தில் 48 முதன்மை அடிகள். 2021-இல் வந்த எண்ட்வாக்கர் விரிவாக்கம், குழுவுக்குப் பலமூட்டும் திறன்களை 120 வினாடிச் சுழற்சியில் நேர்கோட்டில் வைத்தது. விளைவு, எட்டுப் பேரும் தங்கள் பெரிய அடிகளையெல்லாம் அந்தத் திறன்கள் ஒன்றுசேரும் சுமார் 20 வினாடி சாளரத்துக்காகச் சேமிக்கிறார்கள். மிச்ச நூறு வினாடியும் அதற்கான தயாரிப்பு. 90 வினாடிக்கு ஒருமுறை பாயும் (பெரிய அடிகளைக் கொட்டும்) ஜாபை வடிவமைத்தால் அது சாளரத்தைத் தவறவிட்டுத் தானாகவே பலவீனமாகும். தனித்தன்மை போனதற்கு வடிவமைப்பாளரின் சோம்பலைக் காட்டுவது எளிது. உண்மையில் குழுப் பலத்தை ஒரே நேரத்தில் குவித்த அந்த ஒரு முடிவு மற்ற எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போனது.

சீட்டு எடுத்துக் குழுவுக்குப் பலன் தரும் ஜாபான அஸ்ட்ராலஜியனின் சீட்டுக்கட்டு இந்தத் துறையிலேயே நல்ல பாடம். 2019 வரை ஆறு சீட்டு, ஆறு வேலை: பேலன்ஸ் டேமேஜைக் கூட்டும், போல் வாங்கும் அடியைக் குறைக்கும், ஆரோ வேகம் தரும், ஸ்பியர் கிரிட் (கூடுதல் பலத்தோடு விழும் அடி) வாய்ப்பு, யூவர் மந்திரத்துக்கான எம்பி, ஸ்பயர் ஆயுதத் திறனுக்கான டிபி. ரெய்டில் பேலன்ஸ் வந்தால் கொண்டாட்டம், மற்றது வந்தால் முகம் சுளிப்பு. "பேலன்ஸைத் தவிர மீதியெல்லாம் குப்பை" என்ற கருத்து உண்மைக்கு ரொம்பத் தூரமில்லை. 2019-இல் வந்த ஷேடோபிரிங்கர்ஸ் விரிவாக்கம் தந்த தீர்வு, ஆறையும் டேமேஜ் சீட்டாக்குவது: பொருத்தமான ஆளுக்குக் கொடுத்தால் 6 சதவீதம், மாற்றிக் கொடுத்தால் 3. குப்பைச் சீட்டு ஒழிந்தது, சீட்டு விளையாட்டும் கூடவே ஒழிந்தது. 2024-இல் டான்ட்ரெயில் விரிவாக்கம் மறுபடி வெவ்வேறு பலன்களைக் கொண்டுவந்தது. ஆனால் இம்முறை எந்தச் சீட்டு வரும் என்பது முன்பே தெரியும். அதிர்ஷ்டம் என்ற அம்சமே இல்லை. ஆட்டக்காரர்கள் சொன்ன குறை மூன்று தடவையும் நியாயமானது. குறைக்குள் மறைந்திருந்த தீர்வை, அதாவது "எல்லாம் பேலன்ஸ் போல இருக்கட்டும்" என்பதை, அப்படியே எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு.

சாமுராய் ஜாபின் கைடென் என்ற திறன் எதிர்த்திசை உதாரணம். சண்டையில் சேரும் கென்கி என்ற ஆற்றலில் 20 செலவழித்தால் அடுத்த வாள்வீச்சு 50 சதவீதம் பலமாகும். 2022 ஏப்ரலில், 6.1 பேட்சில், பட்டன் நெரிசலைக் குறைக்க அதை நீக்கினார்கள். எதிர்ப்பு கடுமையாக இருந்தது, காரணமும் தெளிவு: கென்கியை இப்போது கரைப்பதா, பெரிய வீச்சுக்கு வைத்திருப்பதா என்ற கணக்கு அந்த ஒரு பட்டனில்தான் இருந்தது. பட்டன் எண்ணிக்கையை ஒன்று குறைத்ததில் ஒரு முடிவெடுப்பும் போனது.

என் தீர்ப்பைக் கேட்டால், கேமாக வசதியில் இது வார்கிராஃப்ட்டை வெல்கிறது, கிளாஸாக ருசியில் தோற்கிறது. எதிரியின் அடியைத் தாங்கும் டேங்க் ஜாப்கள் நான்கை அடுத்தடுத்து ஆடிப் பாருங்கள்: நான்குக்கும் 90 வினாடிக்கு ஒருமுறை 20 சதவீத அடியைத் தடுக்கும் ராம்பார்ட், இரண்டு நிமிடத்துக்கு ஒரு பெரிய தடுப்பு, சாவைத் தள்ளிப்போடும் ஓர் அவசரத் திறன். பெயரும் ஒளிச்சிதறலும்தான் முதலில் கண்ணில் படும் வித்தியாசம்.

கில்ட் வார்ஸ் 2: நுழைவுச் சீட்டு

2012-இல் 8 புரொஃபெஷன் (இங்கே கிளாஸின் பெயர்), 2015-இல் ரெவனென்ட்டோடு 9. புரொஃபெஷன் பூட்டுத்தான், ஆனால் உச்ச லெவல் 80-லேயே நிற்கிறது. கியர் விரிவாக்கத்துக்கு விரிவாக்கம் காலாவதியாவதில்லை. வெளியேறும் விலை நடுத்தரம். இங்கே அடிதடி, பூன் எனப்படும் தற்காலிகப் பலன்களைச் சுற்றி. குவிக்னஸ் செயல் வேகத்தை 50 சதவீதம் கூட்டும். அலாக்ரிட்டி திறன்கள் திரும்பும் வேகத்தை 25 சதவீதம் கூட்டும். பூன் தரும் திறன்கள் பொதுவாக 5 பேரைத்தான் தொடும். எனவே 10 பேர் ரெய்டு இரண்டு ஐவர் குழுவாகப் பிரியும்; ஒவ்வொன்றுக்கும் ஒரு குவிக்னஸ், ஒரு அலாக்ரிட்டி. பத்தில் நாலு இடம் அங்கேயே ஒதுக்கப்பட்டுவிட்டது.

ஸ்பெக்கின் தன்மையைத் தீர்மானிக்கும் ஒரே ஒரு ட்ரெய்ட் வரியை மாற்றினால் ஒரு ஸ்பெக் அந்த நாலுக்குள் வரும், அல்லது வெளியே போகும். டேமேஜ் பட்டியலில் 3 சதவீதம் ஏறி இறங்குவதைவிட இது பெரிய விஷயம். 2022 ஜூன் பேட்ச் வாரியர் புரொஃபெஷனின் பேனர்கள் (களத்தில் நடும் கொடிகள்) தந்த தனித்துவமான பலனை எடுத்துவிட்டுப் பொதுவான பூன்களாக்கியபோது கிளம்பிய கோபத்தை இப்படித்தான் படிக்க வேண்டும். பேனர் இருந்தவரை வாரியர் ரெய்டுக்குள் வர வேறு காரணம் தேவைப்படவில்லை. அது போனதும், டேமேஜ் வரிசையில் மற்றவர்களோடு நிறுத்தி அளக்கப்பட்டார்.

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்: வாக்குப்பெட்டி

கைகலப்பு, வில், மந்திரம் என்று மூன்று பாணி. ஆயுதத்தை மாற்றினால் பாணி மாறும். 2012-இல் மூல ரூன்ஸ்கேப்பின் சண்டை முறையை முழுதாக மாற்றியதில் வந்த வெறுப்புத்தான் 2013-இல் பழைய வடிவம் தனியாகத் திறக்கப்பட்டதற்குப் பின்னணி. அதனால் முக்கிய மாற்றம் எதுவும் ஆட்டக்காரர் வாக்கெடுப்புக்குப் போகும். 75 சதவீத ஆதரவு தேவைப்பட்டது. 2022-இல் 70 ஆக்கினார்கள். 2019-இல் வார்டிங் என்ற புதுத் திறன் பழைய வரம்பைத் தொடாமல் தோற்றது.

இதன் பலவீனம் வெளிப்படை. சேர்ப்பதற்கு வாக்கு கிடைக்கலாம், குறைப்பதற்குக் கிடைக்காது. தன் ஆயுதத்தைப் பலவீனமாக்க யார் கை தூக்குவார்? ஆகவே நெர்ஃப்களை வாக்கெடுப்பைத் தாண்டி நிறுவனமே எடுத்துவிட வேண்டியிருக்கிறது, அப்போது அதுவே தனிச் சண்டையாகிறது.

ஆட்டக்காரரைக் கேட்காமலே அடித்தளத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் என்ற பழைய எம்எம்ஓ உண்டு. 2005 நவம்பரில், முப்பதுக்கு மேற்பட்ட தொழில்களைக் கலந்து கட்டும் முறையை 9 கிளாஸாகச் சுருக்கினார்கள், அதுவும் ஒரு விரிவாக்கத்தை விற்ற இரண்டு வாரங்களிலேயே. கேம் 2011 டிசம்பர் வரை ஓடியது. கோபித்துப் போன கூட்டம் திரும்பவில்லை.

புகாரை எடை போடுவது

எந்தக் கேமாக இருந்தாலும் முதலில் மூன்றைப் பிரிக்க வேண்டும்: பலம், கையுணர்வு, தனித்தன்மை. பலத்துக்கு எண் வேண்டும். மற்ற இரண்டுக்கும் எண்ணைத் திணித்தால் வாதம் கெடும்.

எண்ணில் நடக்கும் தப்புகள் பெரும்பாலும் சண்டையின் நீளத்தில் ஒளிந்திருக்கின்றன. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை 20 வினாடி பாயும் கிளாஸை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ் 3 நிமிடம் 55 வினாடியில் செத்தால் இரண்டு பாய்ச்சல். சண்டையில் 17 சதவீதம். 4 நிமிடம் 20 வினாடியில் செத்தால் மூன்று; 23 சதவீதம். கிளாஸில் எதுவும் மாறவில்லை, பட்டியலில் மட்டும் ஏறிவிட்டது. வார்கிராஃப்ட்டுக்கான சிமுலேஷன்கிராஃப்ட் என்ற சண்டைக் கணிப்பு மென்பொருள் இயல்பாகவே 300 வினாடியைச் சுற்றி 20 சதவீதம் கூட்டிக் குறைத்து ஓட்டுவது இதற்காகத்தான். ஆனால் அதன் இயல்புச் சண்டையில் ஆள் நகர்வதே இல்லை. நின்று மந்திரம் ஓதும் கிளாஸ் அங்கே நிஜத்தைவிட அழகாகத் தெரியும்.

சண்டைப் பதிவுகளைச் சேர்த்து வரிசைப்படுத்தும் லாக் தளங்களின் சதவீத வரிசையிலும் ஒரு கண்ணி. யாரும் ஆடாத ஸ்பெக்கை விடாப்பிடியாக ஆடுபவர்கள் பெரும்பாலும் கைதேர்ந்தவர்கள். அவர்களின் நடுமதிப்பு அந்த ஸ்பெக்கை உள்ளதைவிட உயர்த்திக் காட்டும். ஆக்மென்டேஷன் போன்ற ஆதரவு ஸ்பெக்கில் இன்னொரு சிக்கல்: டேமேஜின் ஒரு பகுதி மற்றவர் அடியின் வழியாக வருவதால், அதை யார் கணக்கில் எழுதுவது என்பதைப் பொறுத்துப் பட்டியலே மாறும்.

"சாமுராய் குப்பை, சரிசெய்யுங்கள்" என்பதால் யாருக்கும் பயனில்லை. எந்த பேட்ச், எந்தச் சண்டை, எத்தனை நிமிடம், ஒரே கியரில் எத்தனை முயற்சியின் சராசரி, எந்த வினாடியில் எந்த இரண்டு பட்டன்கள் மோதுகின்றன என்று எழுதினால் வடிவமைப்பாளர் அதே சண்டையைத் திறந்து பார்க்க முடியும். செத்து விழுந்த முயற்சிகளைச் சராசரியில் கலக்கக் கூடாது. தீர்வு தோன்றினால் தனிப் பத்தியில், தனியாக.

எப்போது சொல்கிறோம் என்பதும் கேமுக்குக் கேம் மாறும். வார்கிராஃப்ட்டில் பொதுச் சோதனை சர்வர் உண்டு. திறன் எப்படி இயங்குகிறது என்ற புகாரை அங்கேயே வைத்துவிட வேண்டும். வெளியான பிறகு வாரந்தோறும் எண்களைத் திருத்துவார்களே தவிர இயக்கத்தை அரிதாகத்தான் தொடுவார்கள். கில்ட் வார்ஸ் 2 புது எலைட் ஸ்பெக்குகளுக்கு பீட்டா நாட்கள் திறக்கும், அந்தச் சில நாட்கள்தான் வாய்ப்பு. ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் பொதுச் சோதனை சர்வரே கிடையாது. முதல் பார்வையே வெளியீட்டுக்குச் சற்று முன்தான். அப்போது எழுதுவது பெரும்பாலும் அடுத்த பேட்சுக்கான மனு.