குழந்தையின் முதல் கதைப்புத்தகம்: ஒற்றைத்தாள் மடிப்பா, நூலால் தைத்ததா?

ஐந்து, ஆறு வயதுக்கு ஒரே ஏ4 தாளை எட்டாக மடித்துச் செய்யும் குட்டிப் புத்தகமே போதும். தாளை விரித்து, நீளவாக்கில் ஓடும் நடுமடிப்பை நடுவிலுள்ள இரண்டு கட்டங்களின் நீளத்துக்கு மட்டும் கத்தரித்து, நீளவாக்கில் மடித்து இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் எட்டுப் பக்கம்: இரண்டு அட்டைக்கு, ஆறு கதைக்கு. விரித்த தாளில் வரைய விடாதீர்கள். ஒரு வரிசை தலைகீழாகிவிடும். முதலில் மடித்துப் பென்சிலால் பக்க எண் போடுங்கள். பின்பக்கம் உள்ளே மறைவதால் ஸ்கெட்ச் பேனா ஊறினாலும் கவலையில்லை.

இடம்தான் குறை. பக்கத்தின் அகலம் ஏழரை செ.மீ.கூட இல்லை, 'கொக்கு' என்று பெரிதாக எழுதினாலே வரி முடிந்துவிடும். ஆகவே முதலில் படம், அதற்குக் கீழே ஒரு சிறு வாக்கியம். எழுதத் திணறினால் குழந்தை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், சொல்லைத் திருத்தாமல்.

ஏழெட்டு வயதில் கதை நீளும். நான்கு தாளைப் பாதியாக மடித்தால் பதினாறு பக்கம். சின்ன ஸ்டேப்ளர் நடுமடிப்பை எட்டாது; மூன்று துளையிட்டு நூலால் தைப்பதே உறுதி. தைத்த பிறகுதான் எழுத வேண்டும், இல்லையென்றால் முதல் பக்கமும் பதினாறாவதும் ஒரே தாளில் இருப்பது குழப்பும். இதில் இருபுறமும் வரைவதால் கிரேயான்தான் நல்லது. கெட்டுப்போன பக்கத்தைக் கிழித்தால் அதன் ஜோடித் தாளும் கழன்றுவிடும். மேலே வெள்ளைத்தாள் ஒட்டிவிடுங்கள்.