சிமென்ட் மில்லுக்கு டிஇஏவா, டிப்பாவா?

"அண்ணாச்சி, சிமென்ட்ல என்னமோ மருந்து கலக்குதியளாமே, நெசமா?" என்று ஹாலோ பிளாக் போடுகிற நண்பர் கேட்டார். தாழையூத்தில் சிமென்ட் ஆலை வந்தது 1949-ல். சிமென்ட் தூசியோடே வளர்ந்த ஊர்க்காரருக்கும் இந்த மருந்து புதுச் செய்திதான். நெசம்தான் என்றேன். 50 கிலோ மூட்டைக்கு ஏறக்குறைய 10 கிராம், ரெண்டு தேக்கரண்டி.

இரும்புக் குண்டுகள் உருண்டு அரைக்கிற பந்து மில்லுக்குள் கிளிங்கர், அதாவது சூளையில் சுட்ட சிமென்ட் கட்டி, உடைய உடைய, பொடி ஒன்றோடொன்று ஒட்டி இரும்புக் குண்டுகளின் மேல் அப்பிக்கொள்ளும். அப்புறம் குண்டு கிளிங்கரை அடிக்காது, மெத்தையைத்தான் அடிக்கும். கரண்டுதான் வீண். துகள் மேல் படிந்து அந்த ஒட்டலைக் குறைப்பதுதான் மருந்தின் வேலை. இதற்குப் பேர்போனவை, அம்மோனியாவிலிருந்து பிறக்கிற இரண்டு மூவிணைய அமீன்கள்: ட்ரைஎத்தனாலமைன், சுருக்கமாக டிஇஏ, ட்ரைஐசோப்ரோப்பனாலமைன், அதாவது டிப்பா.

பிறப்பில் இரண்டும் பங்காளிகள். அம்மோனியாவோடு எத்திலீன் ஆக்சைடு சேர்ந்தால் டிஇஏ, ப்ரொப்பிலீன் ஆக்சைடு சேர்ந்தால் டிப்பா. டிஇஏ தனியாக வராது. மோனோ, டை என்று அண்ணன் தம்பிகளும் கூடவே வரும். ஆக்சைடைக் கூட்டினால் ட்ரை கூடும். வெற்றிடத்தில் காய்ச்சி வடித்துப் பிரிப்பார்கள். சிமென்டுக்கு 85 சதவீதச் சரக்கே போதும்.

கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியும். டிஇஏ, கருப்பட்டிக்குக் காய்ச்சுகிற பதனி பாகான பதம். லேசான அம்மோனியா வாடை. 21 டிகிரிக்குக் கீழே போனால்தான் உறையும், நம்ம ஊரில் அதற்கு மார்கழி விடியல் வேண்டும். சுத்தமான டிப்பாவோ கருப்பட்டியேதான்: சித்திரை வெயிலிலும் கட்டி. அதனால் தண்ணீரில் கரைத்தே விற்கிறார்கள். கையாள்வதில் டிஇஏவுக்குத்தான் என் ஓட்டு.

க்ரீம், ஷாம்பு, லேத் பட்டறைக் கூலன்ட் என்று டிஇஏ போகாத இடமில்லை. நச்சு வாயு செய்யவும் உதவும் என்பதால் ரசாயன ஆயுத உடன்படிக்கையின் மூன்றாம் பட்டியலிலும் இருக்கிறது. டிப்பாவுக்கு அந்தப் பெயர் இல்லை.

அசல் போட்டி வலுவில்தான். சிமென்டில் இருக்கிற அலுமினேட் என்ற அலுமினியச் சேர்மத்தை டிஇஏ முடுக்கிவிடும். முதல் ஓரிரு நாள் வலு நன்றாக ஏறும். ஆனால் சீக்கிரமே அந்த வினையில் உண்டாகிற படிவுகளில் ஒட்டிக்கொண்டு ஓய்ந்துவிடும். டிப்பா கலவைத் தண்ணீரிலேயே தங்கி, மெதுவாக வினைபுரிகிற இரும்புச் சேர்மத்தைக் கரைத்து இழுக்கும். அதன் பலன் 28-ம் நாள் உடைத்துப் பார்க்கிற சோதனைக் கட்டியில், அதாவது கியூப்பில், தெரியும். தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பல் மாதிரி சாம்பல் கலந்த சிமென்டான பிபிசியில் வலு எப்போதும் மெல்லத்தான் ஏறும். 28 நாளில் 33 மெகாபாஸ்கல் வேண்டும் என்பது இந்தியத் தரவிதி. அங்கே நான் டிப்பா பக்கம். காற்றுக்குமிழைக் கொஞ்சம் கூட்டும் என்பது அதன் குறை, அதற்கு மாற்று மருந்து சேர்ப்பதுண்டு. மறுநாளே அடுக்கி, சீக்கிரம் வண்டி ஏற்றுகிற பிளாக்காரருக்கு டிஇஏ போட்டு அரைத்த ஓபிசி, அதாவது சாம்பல் கலக்காத சாதா சிமென்ட், சரி.

"அப்போ ஒரு கேன் வாங்கி நானே கலவையில ஊத்தட்டுமா?"

வேண்டாம் என்றேன். ஆலையில் ஏற்கெனவே போட்டதன் மேல் இவரும் ஊற்றினால் அளவு எங்கேயோ போய்விடும். சிமென்ட் எடையில் 0.02 சதவீதத்தில் முடுக்குகிற டிஇஏ, 0.25-ல் இறுகுவதைத் தாமதப்படுத்தும், 0.5-ல் படுத்தியெடுக்கும், 1 சதவீதத்தில் திரும்பவும் தலைதெறிக்க ஓடும். லேபில் ஒரு தடவை நானே புள்ளியை மாற்றி 0.02-க்குப் பதில் 0.2 எடைபோட்டுவிட்டேன். மறுநாள் காலை அச்சைக் கழற்றினேன். கியூப்பின் நாலு மூலையும் ஈர மணலாக என் கையோடு வந்தது.