வேர்க்கால்வாயைக் கழுவும் சோடியம் ஹைப்போகுளோரைட்: ஒரு மதிப்பீடு

ரூட் கெனால் சிகிச்சைக்கென எத்தனையோ கழுவுகரைசல்கள் விற்பனைக்கு வந்துவிட்ட போதிலும், முதல் உலகப் போர்க்காலத்தில் 0.5 சதவீத வலிமையில் காயங்களைக் கழுவப் பயன்பட்ட சோடியம் ஹைப்போகுளோரைட்டை அவற்றில் எதுவும் இன்னும் முந்தவில்லை. கிருமிகளைக் கொல்வதோடு பல்லின் உள்ளே அழுகிய மென்திசுவான பற்கூழையும் கரைத்துவிடுவதே இதன் தனிச்சிறப்பு. மற்றொரு கிருமிநாசினியான 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின், கால்வாயைச் சூழ்ந்த கடினத் திசுவான டென்டினில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் வேலை செய்தாலும், திசுவைக் கரைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

சிகிச்சை தோற்ற பற்களில் அடிக்கடி காணப்படும் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்னும் பாக்டீரியாவை வைத்தே இக்கரைசலை எடைபோடுவது வழக்கம். இரு அமர்வுகளுக்கு இடையே கால்வாயில் மருந்தாக வைக்கப்படும் கால்சியம் ஹைட்ராக்சைடின் கடுங்காரத்தை, செல்லுக்குள் புரோட்டான்களை இழுத்துக்கொண்டு அது சமாளிக்கிறது. உணவு அரிதான நிலையிலும் டென்டினின் நுண்குழல்களுக்குள் தாக்குப்பிடிக்கிறது. எல்லாத் தோல்விகளுக்கும் இந்த ஒன்றையே குற்றவாளியாக்குவது சற்று மிகை என்றே எனக்குத் தோன்றுகிறது. பல இனங்கள் கூடி வாழும் கிருமிப் படலமான பயோஃபிலிம்தான் உண்மையான எதிரி. நேரடியாகப் பட்டால் ஃபீகாலிஸ் இக்கரைசலுக்கு முன் நிற்காது. ஆனால் கிளைக்கால்வாய்களிலும், இரு கால்வாய்களை இணைக்கும் குறுகிய இடுக்குகளிலும், வேர்நுனியில் தேங்கும் காற்றுக்குமிழுக்கு அப்பாலும் கரைசல் சென்று சேர்வதில்லை. பிழைக்கும் கிருமிகள் பெரும்பாலும் அங்கேதான் பிழைக்கின்றன.

ஆகவே 5.25 சதவீதப் புட்டியைத்தான் வாங்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இல்லை. ஏறத்தாழ 3 சதவீதக் கரைசலைத் தாராளமாக, அடிக்கடி புதுப்பித்து, பக்கத்துளை ஊசியால் செலுத்தி, அல்ட்ராசோனிக் கருவியால் அதிரச் செய்வதையே விரும்புகிறேன். கருவிகள் உராய்வதால் சுவரில் படியும் கனிமப் படலத்தை இது அகற்றாது என்பதால், கனிமத்தைக் கரைக்கும் 17 சதவீத இ.டி.டி.ஏ. கரைசல் தனியாக வேண்டும், இரண்டையும் கலந்தால் குளோரினின் வீரியம் குன்றிவிடும்.

நெடியும் துணியை வெளுக்கும் குணமும் சிறு தொல்லைகளே. ஆனால் ஊசியைக் கால்வாயில் இறுக்கி அழுத்தினால், கரைசல் வேர்நுனியைத் தாண்டித் திசுவுக்குள் பாய்ந்து கடும் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கக்கூடும். பல்லை வாயின் மற்ற பகுதியிலிருந்து பிரிக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேம் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. வெளிச்சத்திலும் வெப்பத்திலும் வலிமை குறைந்துவிடும் என்பதால், வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பார்த்து, ஒளி புகாத சிறிய புட்டிகளையே தேர்ந்தெடுப்பது நல்லது. கடைசியில் குளோர்ஹெக்சிடினும் பயன்படுத்த எண்ணுவோர், இடையே கால்வாயை நன்றாக அலசி உலர்த்திவிட வேண்டும். இல்லையேல் இரண்டும் சேர்ந்து உண்டாகும் பழுப்புநிற வீழ்படிவு நுண்குழல்களை அடைத்துக்கொள்ளும்.