லாங்ஆர்மை ஓட்டுவது: பின்னாலிருந்து லேசரிலா, முன்னாலிருந்து கையாலா?

லாங்ஆர்ம் என்பது சட்டத்தில் விரித்த குவில்ட்டின் (அடுக்குத் துணிப் போர்வை) மேல் நகர்த்தித் தைக்கும் நீண்ட கை மெஷின். குவில்ட் முழுக்க ஒரே வடிவம் ஓட வேண்டுமென்றால் மெஷினின் பின்பக்கம்தான் சரி. மேசையில் விரித்த பான்டோகிராஃப் தாளின் (தைக்க வேண்டிய வடிவம் வரைந்த நீளத் தாள்) கோட்டை மெஷினில் உள்ள லேசர் புள்ளியால் தொடர்ந்தால் போதும். பார்வை புள்ளியில் நிற்காமல், கோட்டில் சற்று முன்னே செல்லட்டும். வளைவு உடையாமல் வரும். ஊசி கண்ணில் படாது என்பதே பெரிய குறை. பாபின் (அடிநூல் சுருள்) நூல் தீர்ந்தாலும் தெரியாமல் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு வரிசை தொடங்கும் முன்பும் பாபினைப் பாருங்கள். இன்னொன்று: தைத்த பகுதி உருளையில் சுற்றச் சுற்ற மெஷினின் கழுத்து இடம் (ஊசிக்கும் மெஷினின் பின்பகுதிக்கும் நடுவே உள்ள இடைவெளி) குறையும். முதல் வரிசையில் அடங்கிய உயரமான வடிவம் கடைசியில் உருளையில் முட்டும்.

முன்பக்கத்தில் ஊசியைப் பார்த்தே ஓட்டுவதால் அப்ளிக் (மேலே வைத்துத் தைத்த துணி வடிவம்) ஓரம், பார்டர், தனித்தனிக் கட்டங்களுக்கு இதை மிஞ்ச வேறில்லை. நேர்கோட்டுக்கு ரூலர் வைத்தால் 6 மி.மீ. தடிமன் வேண்டும், மெலிந்தது ஃபுட் (ஊசியைச் சுற்றியுள்ள பாதம்) அடியில் நழுவி ஊசியை முறிக்கும்.

எந்தப் பக்கமானாலும் ரெகுலேட்டரில் (தையல் நீளத்தைச் சீராக வைக்கும் கருவி) அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் நன்றாக அமையும். வளைவுகளில் மட்டும் அடிப்புறம் கண்ணிமை முடிபோல் நூல் இழுபட்டால், முதலில் வேகத்தைக் குறையுங்கள். பிறகு மேல்நூல் இறுக்கத்தைச் சிறிது கூட்டுங்கள்.