விஎம், இன்கஸ், டொக்கர்: மெல்லிய இணைப்பில் எது தாக்குப் பிடிக்கும்?

யாழ்ப்பாணத்திலும் அயலிலும் உள்ள கடைகள், ரியூசன் நிலையங்கள், சிறு விடுதிகளுக்கு மென்பொருள் செய்து கொடுப்பதும், பிறகு அதைப் பராமரிப்பதும் எங்கள் வேலை. ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு காலத்தில் எழுதியது. பில் போடும் செயலிக்குப் பழைய பைதன் வேண்டும், மாணவர் பதிவேட்டுக்குப் புதியது வேண்டும். ஒன்று போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஓடுகிறது, மற்றது மரியாடிபியில். எல்லாவற்றையும் ஒரே லினக்ஸில் நேரடியாக நிறுவினால், ஒன்றுக்காக எதையாவது புதுப்பிக்கப் போய் மற்றது படுத்துவிடும். ஆகவே பிரித்து வைத்தே ஆகவேண்டும். மூன்று வழிகளைப் பாவித்துப் பார்த்தோம். லினக்ஸின் கேவிஎம் வசதியின் மேல் முழு மெய்நிகர் இயந்திரம், அதாவது விஎம். முழு இயங்குதளம் போலவே நடந்துகொள்ளும் இன்கஸ் கொள்கலன். செயலிக்கு ஒன்றாகக் கொள்கலன் வைக்கும் டொக்கர். இன்று எங்களுடையவற்றில் பெரும்பாலானவை டொக்கரில்தான் ஓடுகின்றன. என் சாய்வு அந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த விஷயங்களை வேகமாக முடித்துக்கொள்வோம். விஎம் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கேர்னலையும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) முழு இயங்குதளத்தையும் சுமக்கிறது. 8 ஜிபி ரேம் உள்ள பழைய பெட்டியில் ஆளுக்கு 1 அல்லது 2 ஜிபி கொடுத்தால் மூன்று நான்கோடு இடம் முடிந்துவிடும். கொள்கலன் என்பது சேர்வரின் கேர்னலிலேயே ஓடும் சாதாரண புரொசஸ்தான். அதன் கண்ணுக்கு என்ன தெரியலாம் என்பதை நேம்ஸ்பேஸ் தீர்மானிக்கிறது, எவ்வளவு எடுக்கலாம் என்பதை சிகுரூப் தீர்மானிக்கிறது. மின்வெட்டுக்குப் பிறகு எழும்புவதிலும் வித்தியாசம் தெரியும். 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை கரண்ட் போன நாட்களை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படியான நாட்களில் சேர்வர் மேலே வந்ததும் கொள்கலன்கள் சில விநாடிகளில் தாமாக ஓடத் தொடங்கும். விஎம் ஒவ்வொன்றும் முழுதாக பூட் ஆகும்வரை கல்லாவில் ஆட்கள் காத்து நிற்பார்கள்.

பாதுகாப்பில் விஎம்தான் மேல், அதில் பேச்சில்லை. கொள்கலன்கள் ஒரே கேர்னலைப் பகிர்வதால், அங்கே ஒரு ஓட்டை இருந்தால் எல்லாருக்கும் பொதுவான ஓட்டை. 2019 பெப்ரவரியில், கொள்கலன்களைத் தொடக்கி ஓட்டும் ரன்சி என்ற அடிப்படைக் கருவியிலேயே ஒரு குறை வெளிவந்தது. உள்ளே இருக்கும் தீய நிரல் வெளியே வந்து சேர்வரின் ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) ஆகலாம் என்ற அளவுக்கு மோசமானது அது. முன்பின் தெரியாதவர்களின் நிரலை ஓட்டுகிறவர்கள் விஎம் பக்கம் போவது சரியான முடிவு. வாடிக்கையாளர்களின் நிரலை ஓட்டிக்கொடுக்கும் தன் லாம்டா சேவைக்கு அமேசான் ஃபயர்கிராக்கர் என்ற மிகச் சிறிய விஎம் ஒன்றையே உருவாக்கியது. எங்கள் சேர்வரில் ஓடுவது நாங்களே எழுதிய நிரல் என்பதால், அந்த அச்சம் எங்கள் தெரிவைத் தீர்மானிக்கவில்லை.

தீர்மானித்தது பராமரிப்பு. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு சிறு திருத்தத்தை வாடிக்கையாளரின் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க எத்தனை எம்பி ஆகிறது என்பது. பல கடைகளில் ஃபைபர் இல்லை. ஃபோர்ஜி ரவுட்டர்தான், அதுவும் மாதத்துக்கு இவ்வளவு என்று அளந்து வாங்கிய டேட்டா. பகலில் அதே டேட்டாவில்தான் கடைக்காரரின் வாட்ஸ்அப்பும் பிள்ளைகளின் யூடியூப்பும் ஓடுகின்றன. அதில் ஜிபி கணக்கில் கை வைக்க எங்களுக்கு மனம் வராது.

டொக்கரின் அடுக்குமுறை இங்கேதான் கை கொடுக்கிறது. ஓவர்லே என்ற கோப்பு முறைமை 2014 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.18இல் கேர்னலுக்குள் சேர்ந்தது. அதற்கு முன் டொக்கர் ஏயூஎஃப்எஸ் என்பதை நம்பியிருந்தது, அது கடைசிவரை முதன்மைக் கேர்னலுக்குள் வரவில்லை. ஓவர்லேயின் வேலை, பல அடைவுகளைக் கண்ணாடித் தாள்களை அடுக்குவது போல ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலிருந்து பார்த்தால் ஒரே அடைவாகத் தெரியச் செய்வது. கீழ் அடுக்குகள் படிக்க மட்டும். எழுதுவதெல்லாம் உச்சியில் உள்ள ஒரே அடுக்குக்குப் போகும். டொக்கர் இமேஜ் என்பது இப்படியான கீழ் அடுக்குகளின் வரிசை. ஒவ்வொரு அடுக்குக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு அடையாளம் உண்டு. புதிய பதிப்பை இழுக்கும்போது டொக்கர் முதலில் அடுக்குகளின் பட்டியலை மட்டும் வாங்கி, தன்னிடம் இல்லாத அடுக்குகளைத்தான் இறக்கும்.

எங்கள் பில் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் டெபியன் லினக்ஸின் மெலிந்த பதிப்பு, சுருக்கிய நிலையில் சுமார் 30 எம்பி. அதன்மேல் பைதன். அதன்மேல் தமிழ் எழுத்துருவும் பிடிஎஃப் செய்யும் கருவிகளும். பிறகு பைதன் நூலகங்கள். ஆக மேலே எங்கள் சொந்த நிரல், அது ஒன்றிரண்டு எம்பி. வரி வீதம் மாறினாலோ பில்லில் ஒரு வரி கூட்ட வேண்டி வந்தாலோ மாறுவது உச்சியில் உள்ள அந்த ஒரு அடுக்குதான், கடைக்குப் போவதும் அதுதான். அடிக்கடி மாறுவது மேலே, அரிதாக மாறுவது கீழே என்ற ஒழுங்கை, இமேஜைக் கட்டும் படிகளை எழுதும் டொக்கர்ஃபைலில் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான். நிரலை முதலில் நகல் எடுத்துவிட்டு அதன்பிறகு நூலகங்களை நிறுவும்படி எழுதினால், ஒரு எழுத்து மாறினாலும் அதற்கு மேலுள்ள எல்லா அடுக்கும் புதிதாகக் கட்டப்படும். டேட்டா தண்ணீராகப் போகும். நூலகப் பட்டியல் கோப்பை மட்டும் முதலில் நகல் எடுத்து, நிறுவி, கடைசியில் நிரலை வைத்தால் போதும்.

எழுத்துருவை ஏன் தனி அடுக்காகச் சொன்னேன் என்றால், பிரித்துவைப்பது எவ்வளவு முழுமையானது என்பதை அது நன்றாகக் காட்டும். சேர்வரில் தமிழ் எழுத்துரு இருப்பதால் பில்லும் ஒழுங்காக வரும் என்று நினைக்கத் தோன்றும். கொள்கலனுக்கு அது கண்ணில் படவே படாது. அதற்குத் தெரிவது அதன் அடுக்குகளில் உள்ளது மட்டும், மெலிந்த டெபியனிலோ எழுத்துருவே கிடையாது. “தம்பி, பில்லில தமிழெல்லாம் பெட்டி பெட்டியா வருது, ஒருக்கா பாருங்கோ” என்று கடையிலிருந்து அழைப்பு வந்தால், நேராகப் போய்ப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். நோட்டோ தமிழ் எழுத்துருவை இமேஜுக்குள்ளேயே வைத்துவிட்டால் எந்தச் சேர்வரில் ஓடினாலும் பில் ஒரே மாதிரி வரும். நேரமும் அப்படித்தான். கொள்கலன் சும்மா விட்டால் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். விடிகாலையில் திறக்கும் பேக்கரியில் 5.30க்கு முன் போட்ட பில்லெல்லாம் நேற்றைய தேதியில் விழும். நேர வலயத்தையும் எழுத்துருவோடு சேர்த்துக் கீழேயே வைத்துவிடுகிறோம்.

அடித்தளத்துக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தால் இந்தச் சிக்கனம் அன்றைக்குச் செல்லாது. கீழே மாறினால் மேலே உள்ளதெல்லாம் மீண்டும் கட்டப்படும், இமேஜ் கிட்டத்தட்ட முழுதாக இறங்கும். ஆனால் ஒரே சேர்வரில் உள்ள செயலிகளை ஒரே அடித்தளத்தில் கட்டினால், பொதுவான அந்த அடுக்குகள் ஒருமுறைதான் இறங்கும், டிஸ்கிலும் ஒரு பிரதிதான் இருக்கும். அதனால்தான் இன்னும் சிறியதான அல்பைன் லினக்ஸை விட்டுவிட்டு எல்லாவற்றையும் டெபியனில் வைத்தோம். அல்பைன் பாவிப்பது மஸ்ல் என்ற வேறு சி நூலகம். சில பைதன் நூலகங்களுக்கு அதற்கென ஆயத்தமாகக் கட்டிய பதிப்பு கிடைப்பதில்லை, நாமே கம்பைல் செய்ய வேண்டிவரும். மிச்சம் பிடித்த எம்பி அந்த வேலைக்கு ஈடாகாது.

இதையே விஎம்மில் செய்ய முடியாதா? ஓரளவு முடியும். விஎம்மின் டிஸ்கை வைக்கும் க்யூகவ்2 கோப்பும் ஒரு அடித்தளக் கோப்பின் மேல் வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கும். ஆனால் அது கோப்புகளை அறியாது, டிஸ்கின் துண்டுகளை மட்டுமே அறியும். மேலே வித்தியாசக் கோப்பு இருக்கையில் அடித்தளத்தில் கை வைத்தால் மேலுள்ளது கெட்டுப்போகும். ஆகவே நடைமுறையில் ஒவ்வொரு விஎம்மும் மென்பொருள் பொதிகளை நிறுவும் தன் ஆப்ட் கருவியைத் தானே ஓட்டி, ஒரே பொதிகளைத் தனித்தனியாக இறக்கும். இடையில் ஆப்ட் கேச் சேர்வர் ஒன்றை வைத்து அதைக் குறைக்கலாம், ஆனால் பராமரிக்க இன்னொரு பொருள் கூடுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, விஎம்முக்குள் யாராவது அவசரத்துக்கு நுழைந்து ஒரு அமைப்பை மாற்றிவிட்டு வருவது. ஆறு மாதம் கழித்து அதை யார் நினைவு வைத்திருப்பார்கள்? டொக்கரில் அந்தக் கைத்திருத்தம் உச்சி அடுக்கில்தான் விழும், கொள்கலனை மாற்றியதும் போய்விடும். ஆகவே செய்த மாற்றத்தை டொக்கர்ஃபைலில் எழுதியே ஆகவேண்டும். அந்தக் கட்டாயம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

இணைப்பே சரிவராத இடத்துக்கும் வழி உண்டு. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகில்தான் போகவேண்டும். அங்குள்ள ஒரு விடுதிக்குப் பெரிய திருத்தம் கொண்டுபோனால் மடிக்கணினியோடு போகிறோம். டொக்கரின் சேவ் கட்டளையால் இமேஜை ஒரு டார் கோப்பாக எடுத்து பென் டிரைவில் கொண்டுபோகலாம், ஆனால் அதில் எல்லா அடுக்கும் வரும், வித்தியாசம் மட்டும் வராது. நாங்கள் செய்வது, மடிக்கணினியிலேயே ஒரு ரெஜிஸ்ட்ரி (இமேஜ்களை வைத்து வழங்கும் களஞ்சியம்) கொள்கலனை ஓட்டி, விடுதியின் ரவுட்டருக்குள் அதை இணைத்து, சேர்வரை அதிலிருந்து இழுக்கச் சொல்வது. தேவையான அடுக்குகள் மட்டும் உள்வலையில் போகும், டேட்டா ஒரு எம்பிகூடச் செலவாகாது. ரெஜிஸ்ட்ரியை எச்டிடிபிஎஸ் இல்லாமல் ஓட்டினால், அந்த முகவரியை நம்பலாம் என்று சேர்வரின் டொக்கர் அமைப்பில் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

அடுக்குகளுக்கு அவற்றின் விலையும் உண்டு. கீழ் அடுக்கில் உள்ள ஒரு பெரிய கோப்பில் ஒரு பைட்டை மாற்றினாலும், முழுக் கோப்பும் முதலில் உச்சி அடுக்குக்கு நகலெடுக்கப்படும். தரவுத்தளத்தை இமேஜுக்குள் வைத்தால் வேகம் போகும், கொள்கலனை அழித்தால் தரவும் சேர்ந்து போகும். தரவு எப்போதும் வொல்யூமில், அதாவது அடுக்குகளுக்கு வெளியே உள்ள தனிச் சேமிப்பில், இருக்கட்டும். மேல் அடுக்கில் ஒரு கோப்பை அழிப்பது அதை மறைப்பது மட்டும்தான். கீழே அது அப்படியே கிடக்கும், எடையும் குறையாது. கட்டும்போது ஒரு கடவுச்சொல் கோப்பை வைத்துவிட்டுப் பிறகு அழித்தால், இமேஜ் கையில் உள்ள எவரும் அதைத் தோண்டி எடுக்கலாம். பழைய இமேஜ்கள் தாமாகப் போகமாட்டா, பாவிக்காதவற்றை அழிக்கும் புரூன் கட்டளையைக் குறித்த நேரத்தில் ஓடவிடுங்கள். கொள்கலன்களின் லொக் பதிவுகளுக்கு இயல்பான அமைப்பில் அளவுக் கட்டுப்பாடு இல்லை, அதையும் போடுங்கள். இன்னொன்று, டொக்கர் திறக்கும் போர்ட், யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வோல் சுவரைத் தாண்டிப் போய்விடும். வெளியே தெரியக்கூடாத தரவுத்தளத்தை 127.0.0.1இல், அதாவது சேர்வருக்குள்ளே மட்டும் எட்டும் முகவரியில், கட்டிவையுங்கள்.

இன்கஸ் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். எல்எக்ஸ்டி என்ற கொள்கலன் மென்பொருளிலிருந்து 2023இல் பிரிந்து வந்த திட்டம் அது. அதன் கொள்கலனுக்குள் சேவைகளைத் தொடக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஓடும், எஸ்எஸ்எச் போட்டுத் தொலைவிலிருந்தே உள்ளே போகலாம், விஎம் பழகியவருக்கு வீடு மாறியது போலவே தெரியாது. சேமிப்பு இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை என்றால் ஸ்னாப்ஷொட், அதாவது அந்த நேரத்து நிலையின் பதிவு, கண நேரத்தில் முடியும். எங்களிடம் அதில் இருப்பது மின்னஞ்சல் போன்ற, ஒரே பெட்டியில் பல சேவைகள் கூடி வேலை செய்யவேண்டிய சில அமைப்புகள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. செயலியைத் தொலைவில் உள்ள கடைக்கு அடுக்கடுக்காக அனுப்பும் வசதிதான் டொக்கர் அளவுக்கு அதில் இல்லை. நீண்டகாலப் பராமரிப்பில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று பேசும் அளவுக்கு நாங்கள் அதைப் பாவிக்கவில்லை.

விஎம்மை முழுதாகக் கைவிடவும் இல்லை. சில கடைகளில் பழைய விண்டோஸ் கணக்கு மென்பொருளை விட்டுவர மாட்டார்கள், விடச்சொல்வதும் நியாயமில்லை. பல வருடக் கணக்கு அதில் இருக்கிறது. திரையும் பிரின்டரும் வேண்டிய விண்டோஸ் செயலிக்குக் கொள்கலன் ஒத்துவராது. அதே சேர்வரில் அதற்கு மட்டும் ஒரு விஎம், பக்கத்தில் மற்றவை டொக்கரில். சண்டையில்லாமல் ஓடுகின்றன.

டொக்கருக்கு மாற்றான பொட்மன் பற்றிக் கேட்பவர்களுக்கு: பின்னணியில் ரூட்டாக ஓடும் சேவை எதுவும் இல்லாமல், சாதாரணப் பயனராகவே கொள்கலனை ஓட்டுவது அதன் பலம், அந்தப் பக்கத்தில் டொக்கரைவிட எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் மடிக்கணினியில் மட்டும்தான் பாவிக்கிறேன், கடைச் சேர்வரில் இன்னும் வைக்கவில்லை. இமேஜ் வடிவம் இரண்டுக்கும் பொது என்பதால், மாற நினைத்தால் கட்டி வைத்த இமேஜ்கள் அப்படியே அங்கும் ஓடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் டொக்கரா பொட்மனா என்று யோசித்து நாளைக் கடத்தவேண்டாம். டொக்கர்ஃபைலின் வரிசையைச் சரியாக எழுதுங்கள், தரவை வொல்யூமில் வையுங்கள், அந்த வொல்யூமின் காப்புப் பிரதியை வேறொரு பெட்டியில் மீட்டெடுத்துப் பாருங்கள்.