மேகாங் டெல்டால ஒரு நாள், தனி போட்டு எடுத்து போனோம்

ஏப்ரல் 15 ஆரம்பிச்சு ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், எங்க வூட்ல டூர்னா அது அந்த ரெண்டு மாசத்துல தான். தம்பி லாஞ்சுல, அதான் விசைப்படகுல, கடலுக்கு போறவன், மத்த நேரத்துல அவன கரையில புடிக்கவே முடியாது. நைனா நாப்பது வருஷத்துக்கு மேல காசிமேட்டுலேந்து கடலுக்கு போனவரு, இப்போ முட்டி வலினால வூட்டோட இருக்காரு. அவர ஒரு தடவையாவது வெளிநாடு கூட்டினு போணும்னு எனக்கும் தம்பிக்கும் ரொம்ப நாள் ஆசை. இந்த தடவ நைனா, அம்மா, தம்பி, என் வூட்டுக்காரர், பையன், நான்னு ஆறு பேரும் வியட்நாம் போனோம். சைகோன்ல (ஹோ சி மின் சிட்டி தான்) நாலு நாள், அதுல ஒரு நாள் மேகாங் டெல்டா, மேகாங் ஆறு கிளை கிளையா பிரிஞ்சு கடல்ல சேர்ற எடம். ஊருக்கு வந்ததுலேந்து தெருவுல எல்லாரும் அந்த போட் டூர் எப்படி, காசு வொர்த்தான்னு கேக்குறாங்க, அதனால மொத்தமா எழுதிடறேன்.

நேரா சொல்றேன், வயசானவங்க கூட போறீங்கன்னா குரூப் பஸ் வேணாம், காசு கூட போனாலும் தனி போட்டே எடுங்க.

காசு கணக்கு இது தான். குரூப் பஸ்ல தலைக்கு 25 டாலர் கேட்டாங்க, முப்பது நாப்பது பேரு ஒரே பஸ்ஸு, கொடி புடிச்சினு போற கைடு பின்னாடியே ஓடணும். நாங்க எடுத்த பிரைவேட் டூர் ஆறு பேருக்கும் சேத்து 330 டாலர், தலைக்கு 55 வருது. அதுல 16 சீட் வேன், இங்கிலீஷ் பேசுற கைடு பொண்ணு, எங்களுக்கு மட்டும் ஒரு மர போட்டு, சின்ன கால்வாய்ல துடுப்பு போடுற படகு, மதிய சாப்பாடு, பழம், தண்ணி எல்லாமே அடக்கம். டிப்ஸ் மட்டும் தனி. டபுளுக்கு மேல ஆவுதேன்னு அம்மா முதல்ல ஒத்துக்கவே இல்ல, தம்பி தான் நான் போட்டுக்கறேன்னு சொல்லி புக் பண்ணான்.

பிரைவேட் எடுத்ததோட அருமை முந்தின நாளே தெரிஞ்சுது. ராத்திரி அந்த கைடு பொண்ணு மெசேஜ் போட்டுச்சு, நாளைக்கு மதியத்துக்கு மேல தண்ணி வத்திடும், சின்ன கால்வாய்ல படகு சேத்துல தட்டும், அதனால எட்டு மணிக்கு பதிலா ஆறு மணிக்கே கெளம்பலாமான்னு. நைனா கிட்ட சொன்னதும் ஏந்து உக்காந்துட்டாரு, "ஏத்தவத்தம் பாத்து கெளம்புறாங்களா, அப்போ சரியான ஆளுங்க தான்"ன்னாரு. அது ஆறுன்னாலும் கடல் கிட்டத்துல இருக்கறதால தெனம் கடல் தண்ணி தள்ள தள்ள ஆறு ஏறி எறங்கும், நம்ம எண்ணூர் முகத்துவாரம் மாதிரி தான். குரூப் பஸ்காரங்களுக்கு ஓட்டல் ஓட்டலா நின்னு ஆள ஏத்தவே ஒரு மணி நேரம் ஆவுது, தண்ணி இருக்கா வத்துதான்னு அவங்க பாக்க முடியாது.

சைகோன்லேந்து மீ தோ ஊரு சுமார் 70 கிலோமீட்டர், பாதி தூரம் எக்ஸ்பிரஸ்வே, ஒன்றரை மணி நேரத்துல போயிட்டோம். மேப்ல தேடுறவங்களுக்கு ஒண்ணு, 2025 ஜூலைல அங்க மாகாணம் எல்லாம் சேத்துட்டாங்க, மீ தோ இப்போ டோங் தாப்ல வருது, எதிர்கரை பென் ட்ரே வின் லாங்ல வருது, டூர்காரங்க இன்னும் பழைய பேரு தான் சொல்றாங்க, குழம்பாதீங்க.

படகுத்துறைல தான் எனக்கு கோவம் வந்துச்சு. லைஃப் ஜாக்கெட் ஆறு எடுத்து வச்சிருந்தாங்க, ஆறும் பெரியவங்க சைஸ், என் பையனுக்கு எட்டு வயசு, போட்டா கழுத்து வழியா கழண்டு வருது. புக் பண்ணும்போதே வயசு எழுதி குடுத்திருந்தோம். கைடு பொண்ணு பரவால்ல, சின்ன தூரம் தான்னு சொல்லுது, நைனா போட்டுல கால வைக்கவே இல்ல. அவருக்கு இங்கிலீஷும் வராது வியட்நாமீஸும் வராது, பையன் தோள் மேல கைய வச்சினு நின்ன இடத்துல நின்னுட்டாரு. 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு பழவேற்காட்டுல போட்டு கவுந்து 22 பேரு செத்துப்போனாங்க, எங்க பக்கத்துல அத மறந்தவங்க யாரும் இல்ல. இருபது நிமிஷம் கழிச்சு பக்கத்து துறைலேந்து சின்ன ஜாக்கெட் ஒண்ணு வாங்கினு வந்தாங்க, அப்புறம் தான் ஏறுனோம். கொழந்தைங்க கூட போறவங்க, எந்த கம்பெனியா இருந்தாலும் கொழந்த சைஸ் ஜாக்கெட் இருக்கான்னு போட்டோ அனுப்ப சொல்லி கேட்டுட்டு அட்வான்ஸ் போடுங்க.

ஆனா ஆத்துக்குள்ள போனதும் அந்த கோவம் எங்க போச்சுன்னே தெரியல. தியென் ஆறு, மேகாங்கோட ஒரு கிளை, ஒரு கிளையே எதிர்கரை மங்கலா தெரியற அளவுக்கு அகலம். திபெத் பீடபூமில பொறந்து சீனா, மியான்மர், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா எல்லாம் தாண்டி 4,000 கிலோமீட்டருக்கு மேல ஓடி வந்து இங்க கடல்ல சேருது, வியட்நாம்காரங்க இத கூ லாங்ன்னு சொல்றாங்க, ஒன்பது டிராகன்னு அர்த்தமாம். தண்ணி டீ கலர்ல இருக்கு. பையன் சாக்கடையான்னு கேட்டான், தம்பி கையில அள்ளி காமிச்சான், "வண்டல்டா இது, மோந்து பாரு, நாத்தமே இல்ல"ன்னு. தலைக்கு மேல ராக் மியூ பாலம் போவுது, 2009ல தொறந்தது, அதுக்கு முன்னாடி பென் ட்ரே போணும்னா ஃபெர்ரில தான் ஏறணுமாம். ஆத்து நடுவுல நாலு தீவு, டிராகன், யூனிகார்ன், ஆமை, ஃபீனிக்ஸ்னு பேரு. போட்டு மூஞ்சில எல்லாம் செவப்பு பெயிண்ட் அடிச்சு ரெண்டு பக்கமும் பெரிய கண்ணு வரைஞ்சிருக்காங்க, ஆத்துல இருக்குற கெட்டது எதுவும் கிட்ட வராம இருக்கன்னு கைடு சொல்லுச்சு, நம்மாளுங்க போட்டுக்கு பூசணிக்கா சுத்தி எலுமிச்சம்பழம் கட்றாங்க இல்ல, அது மாதிரி.

எங்க போட்டோட்டுனவருக்கு அம்பது வயசுக்கு மேல இருக்கும். இன்ஜின் லாங் டெயிலு, நீளக் கம்பி முனைல தண்ணிய தள்ளுற ஃபேன் இருக்கும், அப்படியே நம்ம ஃபைபர் போட்டுல போடுறது தான். தம்பி அத பாத்துட்டு பின்னாடி போயி உக்காந்தவன் முன்னாடி வரவே இல்ல. நடு ஆத்துல ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமா மெதந்து வருது, அதுல ஒண்ணு ஃபேன்ல சுத்திக்கிச்சு, இன்ஜின் நின்னுபோச்சு. அவரு கம்பிய தூக்குறதுக்குள்ள தம்பி போயி புடிச்சான், அவரு கத்தியால அறுக்க இவன் வெளிய இழுத்து போட, அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சுது, ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. அந்த நாலுல ஒண்ணான தோய் சன் தீவுல போட்டு கரைல ஒதுங்குனப்போ நைனா யாரும் சொல்லாம கயித்த வாங்கி கட்டுனாரு. போட்டோட்டுனவரு வந்து அந்த முடிச்ச பாத்தாரு, ஒரு தடவ இழுத்து பாத்தாரு, அப்படியே வுட்டுட்டு நைனாவ பாத்து கட்டவிரல காமிச்சாரு.

திரும்ப கெளம்பும்போது கரையோரமா ஒருத்தர் வலை இழுத்துனு இருந்தாரு, நைனா நிறுத்த சொன்னாரு, நிறுத்துனாங்க. நாப்பது நிமிஷம் அங்கயே நின்னோம். கண்ணி எவ்ளோ, ஈயம் எவ்ளோ, இன்னா மீனு வுழுதுன்னு எல்லாமே சைகைல தான். கடைசில அந்த வலைக்காரர் மூங்கில்ல செதுக்குன வலை ஊசி ஒண்ண நைனா கையில குடுத்துட்டாரு, நைனா சட்டைப்பைல இருந்த பேனாவ அவருக்கு குடுத்தாரு. இந்த நாப்பது நிமிஷம் குரூப் பஸ்ல கெடைக்குமா? நாங்க குடுத்த 330 டாலர்ல பாதி இதுக்கே சரியா போச்சு.

சின்ன கால்வாய்ல போற படகுக்கு மூணு பலகை படகுன்னு தான் பேரே. அடியில ஒரு பலகை, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, அவ்ளோ தான். ஒரு படகுல நாலு பேருக்கு மேல ஏத்தல. முன்னாடி ஒரு அம்மா, பின்னாடி ஒரு அம்மா துடுப்பு போடுறாங்க, கூம்பு மாதிரி ஓலை தொப்பி நமக்கும் குடுக்குறாங்க. ரெண்டு பக்கமும் தண்ணிக்குள்ளயே ஒரு மாதிரி தென்னை, தண்டே தெரியாம மட்டை மட்டும் நேரா மேல போயி தலைக்கு மேல ஒண்ணோட ஒண்ணு சேந்து கூரை மாதிரி நிக்குது. தண்ணித் தென்னைன்னு சொல்றாங்க, வூட்டுக்கு கூரை போடுறதே அந்த ஓலைல தான். நாங்க காலைல சீக்கிரமே போயிட்டதால கால்வாய்ல வேற படகே இல்ல, துடுப்பு சத்தமும் குருவி சத்தமும் தான். பத்து மணிக்கு திரும்ப அந்த வழியா வந்தப்போ குரூப் ஆளுங்க வந்து படகுக்கு பின்னாடி படகா ஒட்டினு நிக்குது. இறங்கும்போது துடுப்பு போட்ட அம்மாங்களுக்கு கண்டிப்பா டிப்ஸ் குடுங்க, வெயில்ல ரொம்ப கஷ்டமான வேலை அது.

எங்க அம்மா அந்த கால்வாய்ல போகும்போது நம்ம கொசஸ்தலை ஆறும் முன்னாடி இப்படி தான் இருந்துச்சுன்னாங்க, எறால் கையாலயே தடவி புடிப்பாங்களாம். அனல்மின் நிலையத்து சாம்பல் தண்ணி வுட்டு, 2023 டிசம்பர்ல வெள்ளத்தோட எண்ணெயும் வந்து முகத்துவாரம் பூரா படிஞ்சு, இப்போ அங்க எறங்குனா கால் அரிக்குது. அம்மா அத சொல்லிட்டு ரொம்ப நேரம் பேசல.

இவங்களுக்கும் கஷ்டம் இல்லாம இல்ல. வூட்டு முன்னாடி எல்லாம் ஆள் ஒசரத்துக்கு பெரிய பெரிய ஜாடி வரிசையா வச்சிருக்காங்க, எதுக்குன்னு கேட்டேன், மழைத்தண்ணி புடிச்சு வைக்கவாம். மேல அணை கட்டிட்டாங்க, ஆத்துல மணலும் அள்ளுறாங்க, வெயில் காலத்துல ஆத்துத்தண்ணி கொறஞ்சதும் கடல் உப்பு உள்ள ஏறிடுது, 2016லயும் 2020லயும் பென் ட்ரே பக்கம் குடிக்கவே நல்ல தண்ணி இல்லாம திண்டாடி இருக்காங்க. மீஞ்சூர் பக்கம் போர் தண்ணி உப்பானத பாத்தவங்களுக்கு இத வெளக்கவே வேணாம். கைடு பொண்ணோட ஊரே பென் ட்ரே தானாம், இத சொல்லும்போது டூருக்கு மனப்பாடம் பண்ணது மாதிரி இல்ல.

தேங்கா மிட்டாய் செய்யிற எடம் நல்லா இருந்துச்சு. தேங்காப்பால், சக்கரை, மால்ட் போட்டு பெரிய சட்டில கிண்டி, அச்சுல ஊத்தி, வெட்டி, வாயில போட்டா கரையிற அரிசி பேப்பர்ல சுத்துறாங்க, அந்த பேப்பரோடவே சாப்புடலாம். சூடா இருக்கும்போது குடுத்தாங்க, நம்ம தேங்கா பர்பிய இழுவையா பண்ண மாதிரி. துரியன் போட்டதும் இருக்கு, வாசனை புடிக்காதவங்க பாத்து வாங்குங்க. இன்னொரு கடைக்கும் கூட்டினு போறேன்னாங்க, தேனு, பாம்பு போட்ட சாராயம்லாம் விக்கிற எடம், வேணாம்னு சொன்னோம், சரின்னு வுட்டுட்டாங்க.

சாப்பாடு. யானை காது மீனுன்னு ஒண்ணு, முழுசா செதிலோட பொரிச்சு ஸ்டாண்டுல நிக்க வச்சு கொண்டாராங்க, பையன் வாய பொளந்துட்டான். சதைய பிச்சு அரிசி பேப்பர்ல வச்சு, சேமியா மாதிரி நூடுல்ஸ், புதினா, வெள்ளரி, அன்னாசி எல்லாம் போட்டு சுருட்டி, மீன் சாஸ்ல தொட்டு சாப்புடணும். அந்த சாஸ் நெத்திலிய உப்புல மாசக்கணக்குல ஊற வச்சு எடுக்குறது, நைனா மோந்து பாத்ததுமே "நெத்திலி"ன்னு சொல்லிட்டாரு. மீனு வெளிய மொறுமொறு, உள்ள நல்ல வெள்ளை சதை. காரம் சுத்தமா இல்ல, ஆத்து மீனு ஆத்து மீனு தான், கடல் மீனு ருசி வராது, எங்க ஆளுங்களுக்கு பாதி திருப்தி தான். அன்னிக்கு சனிக்கிழமை, அம்மா கவுச்சி தொட மாட்டாங்க. அவங்க ஊர்ல சைவத்துக்கு அன் சாய்னு சொல்லணும், முதல் நாளே சொல்லி வச்சதால டோஃபுவும் காளானும் தனியா பண்ணி குடுத்தாங்க, மீன் சாஸ் இல்லாம சோயா சாஸ் வச்சாங்க. இத மறக்காம முன்கூட்டியே சொல்லுங்க, இல்லன்னா காய்கறிலயும் மீன் சாஸ் வுழுந்துடும்.

பழம் வைக்கிற எடத்துல பாட்டு. டொன் கா தாய் துன்னு அந்த டெல்டாவோட பாட்டு, 2013ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்திருக்காங்க. அதுல ஒருத்தர் கிட்டார் வாசிக்கிறாரு, கழுத்துல குறுக்க இருக்குற ஃப்ரெட் கம்பிங்களுக்கு நடுவுல கட்டைய குழியா செதுக்கி வச்சிருக்காங்க, தந்திய உள்ள அமுக்குனா ஸ்வரம் அப்படியே வளையுது. என் வூட்டுக்காரர் கச்சேரிக்கு கிட்டார் வாசிக்கிறவரு, நம்ம கமகம் மாதிரியே வருதேன்னு அவர் பக்கத்துலயே போயி உக்காந்துட்டாரு. மூணு பாட்டு முடிஞ்சு நாங்க தான் ஆளு, இன்னொண்ணு கேட்டோம், பாடுனாங்க.

கொறைன்னு பாத்தா ஜாக்கெட் மேட்டர் தான் பெருசு, அப்புறம் படகுத்துறைல படி வழுக்குது, புடிச்சுக்க கம்பி இல்ல, முட்டி வலி இருக்கறவங்கள ரெண்டு பக்கமும் புடிச்சு தான் எறக்கணும். பாத்ரூம் மிட்டாய் கடைலயும் சாப்பாட்டு கடைலயும் தான். வேன் ஏசி திரும்பும்போது சரியா வரல.

மெதக்கும் சந்தை இந்த ரூட்ல கெடையாது, அது காய் ராங், கான் தோ ஊர்ல, சைகோன்லேந்து 170 கிலோமீட்டர் கிட்ட. விடியறதுக்கு முன்னாடியே அங்க இருக்கணும், அதனால முந்தின நாள் ராத்திரி அங்கயே தங்கணும். ரோடு வந்ததுலேந்து அங்க போட்டு வியாபாரமும் கொறஞ்சுடுச்சு. காலைல எட்டு மணிக்கு சைகோன்ல கெளப்பி ஒரே நாள்ல மெதக்கும் சந்தையும் காட்றேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நம்ம தடைக்காலத்துல போறவங்க ஏப்ரல் 30, மே 1 ரெண்டு தேதியும் தவிருங்க, அவங்களுக்கு தேசிய லீவு, ஊரே ரோட்டுல இருக்கும். நாங்க அதுக்கு முந்தின சனிக்கிழமை போனோம். ஈவிசா சிங்கிள் என்ட்ரி 25 டாலர், ஆன்லைன்லயே வந்துடும். அவங்க ஊரு காசு டோங், அத சின்ன நோட்டா கையில வச்சுக்கோங்க, போட்டுக்காரங்க கிட்ட கார்டு ஓடாது. அந்த மூங்கில் வலை ஊசி இப்போ எங்க நைனா கையில தான் இருக்கு, தம்பியோட வலை எல்லாம் வராண்டால போட்டு ஓட்டை அடைச்சினு இருக்காரு, பிளாஸ்டிக் ஊசிய வுட இது கைக்கு நல்லா இருக்காம்.